நல்ல உழைப்பாளி என்று சொன்னார்கள்

அப்பா செத்த அன்று ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் துக்கம் கேட்க வந்தார். சேரிக்குள் வரவில்லை. தெருமுனைப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு, ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது மாடு மேய்த்த பண்ணையின் பேரன் அவர். "ஒங்கப்பன் மாதிரி ஒழைக்கிறவன் இனிமே பொறக்கப் போறதில்லப்பா. ஒரு வார்த்த எதுத்துப் பேசமாட்டான். தானுண்டு தன் குடும்பமுண்டுன்னு கெடந்தான். நல்ல மனுசன்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. பெருமையாகவும் இருந்தது. அது 2019. நாற்பதை நெருங்கிய வயதில், இருபது வருசமாக இயக்கக் கூட்டங்களில் பேசிக்கொண்டு திரிகிற எனக்கு, பண்ணை வீட்டுக்காரர் என் அப்பனுக்குக் கொடுத்த நற்சான்றிதழ் பெருமையாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் செந்துறையில் அடித்து ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என்ன போட்டோம்? ‘உழைப்பையே உயிராகக் கொண்டவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்.’ வாசகம் எழுதிக் கொடுத்தது நான். பண்ணைப் பேரன் சொன்னதும் மகன் எழுதியதும் ஒன்றேதான். எதிரெதிர் இடங்களில் நிற்கிற இரண்டு பேருக்கு ஒரு மனிதனைப் பற்றி ஒரே வாசகம் எப்படி வாய்க்கிறது? ஒன்று அவர் என் பக்கம் வந்திருக்க வேண்டும், இல்லை நான் அவர் பக்கம் போயிருக்க வேண்டும். அவர் புளியமரத்தைத் தாண்டி வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. "ரயிலு கவுந்த வருசம்" என்பாள் அப்பாயி. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்த கதையைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வயதைக் கணக்குப் போட மட்டும் பயன்பட்டது. ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது. முதியோர் பென்சனுக்கு அலைந்தபோது இதில் எதை நம்புவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இருந்த இடத்தை விட்டு நகராமலே அப்பா மாவட்டம் மாறிக்கொண்டிருந்தார். பிறந்தபோது திருச்சி, 1995இல் பெரம்பலூர், 2001இல் அரியலூர், மறு வருசமே திரும்பப் பெரம்பலூர், 2007இல் மறுபடி அரியலூர். எத்தனை எல்லை மாறியும் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற எல்லைக்கு எந்தக் கலெக்டரும் கல் நடவில்லை, பிடுங்கவும் இல்லை.

பேரும் அப்படித்தான். பாட்டன் வைத்தது நீளமான சாமி பேர். பண்ணையில் அதன் வாலை நறுக்கி, கூப்பிட்டால் ஓடிவருவதற்குத் தோதாக ஆக்கிக்கொண்டார்கள். நறுக்கின பேர்தான் வாக்காளர் பட்டியலிலும் ஏறியது. எங்கள் செந்துறைப் பக்கத்து அங்கனூரில் பிறந்த திருமாவளவன், ராமசாமி என்றிருந்த தன் தந்தையின் பேரைத் தொல்காப்பியன் என்று மாற்றி, அதைத் தன் பேருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். மகன் அப்பனுக்குப் பேர் வைக்கிறதா என்று எங்கள் பக்கம் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்பாவுக்கு முழுப் பேரைக் கொடுத்ததே அவர் செத்த பிறகுதான். போஸ்டரில் அதைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று ஊரில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை.

சரி, அந்த உழைப்பு என்ன உழைப்பு? அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பாட்டன் வாங்கின ஏதோ ஒரு கல்யாணக் கடனுக்கு எட்டு வயதில் அப்பாவைப் பண்ணையில் மாடு மேய்க்க விட்டார்கள். கையில் கூலி என்று எதுவும் கிடையாது. காலையில் கூழ், ராத்திரிக்குக் கம்பஞ்சோறு, பொங்கலுக்கு ஒரு துண்டு. வளர வளர மாடு போய் ஏர் வந்தது. கடன் மட்டும் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. அது எவ்வளவு என்று அப்பாவுக்கும் தெரியாது. 1975 அக்டோபரில் கொத்தடிமை முறை ஒழிந்தது என்று அவசரச் சட்டம் போட்டார்கள். 1976இல் அது முழுச் சட்டமாகவும் ஆனது. அப்பாவுக்கு அதை யாரும் வந்து சொல்லவில்லை.

1977 தை மாசம், கல்யாணமான சில மாதத்தில், அப்பாவும் அம்மாவும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள். அரியலூரைச் சுற்றிக்கொண்டு ரெண்டு நாள் நடை. திருமானூரில் கொள்ளிடத்து மணலைத் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போய்விட்டார்கள். இதை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். "ஆத்தத் தாண்டுனப்புறந்தான் ஒங்கப்பா மூச்சு உட்டாரு" என்பாள். ரெண்டு வருசம் கழித்துத் திரும்பி வந்தபோது ஊர்ப் பஞ்சாயத்தில் நிற்க வைத்தார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், தலைகுனிந்து அபராதம் கட்டினார். ஆனால் பண்ணைக்குத் திரும்பவில்லை. எனக்கு எட்டு வயதானபோது, பையனை மாட்டுக்கு விடுறியா என்று கேட்டு ஆள் வந்தது. "பையன் பள்ளிக்கூடம் போறான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

இந்த மனிதனைத்தான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன் என்றார் பண்ணைப் பேரன். அவர்கள் வீட்டு நினைவில் அப்பா மாட்டுக்குப் பின்னால் ஓடுகிற பையனாகவே நின்றுவிட்டார். ஓடிப்போனவன், வரமாட்டேன் என்றவன் அங்கே பதிவாகவில்லை. என் போஸ்டரிலும் பதிவாகவில்லை என்பதுதான் என்னை அரிக்கிறது. நமக்குச் சத்தமாகப் பேசுவது மட்டுந்தான் எதிர்ப்பு என்று பழகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு மூட்டை முடிச்சோடு ஆற்றைத் தாண்டுவதை எந்தக் கணக்கில் வைப்பது என்று நம் பத்திரிகைகள் இன்னும் யோசிக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கம். எங்கள் மண் பல கோடி வருசத்துக்கு முன்னால் கடலடியாகக் கிடந்த மண். தோண்டினால் சிப்பியும் நத்தையும் கல்லாகி வரும். 1939லேயே டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. 1979இல் அரியலூரில் அரசு ஆலை வந்தது. அப்புறம் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. அப்பா ஒரு காண்ட்ராக்டரிடம் கல் உடைத்தார், லாரிக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணில் எப்போதும் பூளை, இருமினால் வெள்ளையாக வரும். அந்தக் கல்நத்தைகளை வைத்துப் பாதுகாக்க வாரணவாசியில் அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், நன்றாக இருக்கிறது. கல் உடைத்தவர்களின் சம்மட்டி ஒன்று அங்கே வைத்திருக்கிறார்களா என்று தேடினேன், என் கண்ணுக்குப் படவில்லை.

பிறகு திருச்சி காந்தி மார்க்கெட். 1986 வாக்கில் போனவர், இருபது வருசத்துக்கு மேல் அங்கே மூட்டை தூக்கினார். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் மார்க்கெட் பக்கத்திலேயே படுக்கை. நடுராத்திரி லாரி வந்தால் எழுந்து சும்மாடு சுற்றிக்கொண்டு கொக்கியை எடுக்க வேண்டியதுதான். அந்தக் காலத்து அரிசி மூட்டை 75 கிலோ, சர்க்கரை மூட்டை 100 கிலோ. அப்பாவின் எடை ஐம்பதைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு வளர்ந்த ஆண் தூக்குகிற சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரை செய்தது 1967இல். அப்போது அப்பா மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982இல் தனிச் சட்டமே வந்தது. அப்பா கையில் எந்த அட்டையும் இருந்ததில்லை, கழுத்துக்குப் பின்னால் காய்த்துப் போன ஒரு முண்டுதான் இருந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு விளையாட்டு. செத்த அன்று குளிப்பாட்டும்போது கடைசியாகத் தொட்டேன், அப்படியே இருந்தது.

உழைப்பு உன்னதம் என்று மேடையில் பேசுகிறோம். இடதுசாரித் தோழர்களிடம் பாடம் கேட்ட காலத்திலிருந்து அந்தப் பேச்சு நம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதை இப்போது அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைத்தது என்பதை அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கில் அடியில் கிடப்பவனைப் பார்த்து, ‘நல்ல உழைப்பாளி’ என்று மேலே இருப்பவன் சொன்னால் என்ன அர்த்தம்? கூலி குறைத்துக் கொடுத்தேன், கேட்கவில்லை என்று அர்த்தம். காளை மாட்டை விற்கும்போதும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்.

அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பாலை நினைத்துப் பாருங்கள். பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். மகன் கேட்கிற புத்தகத்தை வாங்கக் கையில் காசில்லாதபோது, கட்டிக்கொடுத்த மகளிடம் போய் நகையை இரவல் வாங்கி அடகு வைத்தவர். 1913 பிப்ரவரியில் மகன் பக்கத்தில் இருக்கச் செத்தார். அந்த வருசமே மகன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். 1923இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய தன் நூலைத் தாய் தந்தையருக்குக் காணிக்கை ஆக்கினார். இந்தக் கதையை நாம் ராம்ஜியின் தியாகம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அடகு போன நகை யாருடையது? திருப்பிக் கொடுத்தார்கள் என்றாலும், முதலில் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது மகள். நம் கூட்டங்களில் அவள் பேரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இங்கேதான் எனக்குக் கஷ்டமான பகுதி வருகிறது.

‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்று எழுதினேனே, அம்மா யாருக்காக வாழ்ந்தாள்? அப்பா கொள்ளிடத்தைத் தாண்டினபோது அவளும் கூடவே தாண்டினாள். ஒரே வயலில் அறுத்தார்கள், ஒரே கட்டைத் தூக்கினார்கள், அவளுக்குப் பாதிக் கூலி. கொத்தடிமைச் சட்டம் வந்த அதே 1976இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலிச் சட்டமும் வந்தது. அதையும் எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. வாரக் கடைசியில் அப்பா வந்தால் கறி எடுப்போம். முதலில் அப்பா, அப்புறம் நான், அப்புறம் அக்கா, சட்டியில் ஒட்டினது அம்மாவுக்கு. அப்பா குடித்துவிட்டு வந்து அடித்தவர் இல்லை. ஆனால் இந்த வரிசையை மாற்றியவரும் இல்லை.

பெரம்பலூர்க்காரர் சிவகாமி 1989இல் ‘பழையன கழிதலும்’ எழுதினார். அதில் வருகிற காத்தமுத்து சேரிக்குத் தலைவர், ஊர்க்காரர்களிடமும் போலீசிடமும் மல்லுக்கு நிற்கிறவர். வீட்டுக்குள் ரெண்டு பெண்டாட்டிகளையும் மகளையும் ஆட்டிப் படைக்கிறவர். அடிபட்டு நியாயம் கேட்டு வந்த பெண்ணையும் விட்டுவைக்காதவர். நம் அப்பன்களை இப்படி எழுதினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகாதா என்று கல்லூரி நாட்களில் நானும் கத்தியிருக்கிறேன். என் அப்பா காத்தமுத்து இல்லை என்கிற தெம்பில் கத்தினேன். இன்று படித்தால் மகள் கௌரி கேட்கிற கேள்விகள் சத்தம் போடாத அப்பாக்களையும் விடுவதில்லை.

1991இல் அக்கா எட்டாவது முடித்தாள். ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், ஊர்த்தெரு வழியாகத்தான் பாதை. எனக்கும் சேர்த்துச் செலவு தாங்காது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்" என்றார். அதோடு முடிந்தது. அவள் முந்திரிக் காட்டுக்குப் போனாள், அப்புறம் கொட்டை உடைக்கப் போனாள். முந்திரி ஓட்டுப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரியும். என் பத்தாவது பரீட்சைக்குக் கட்டின பணம் அந்த விரல்களில் வந்தது. அப்பா மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தார் என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! கைதட்டுவார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். அவளும் கைதட்டினாள்.

இயக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1997 ஜூனில் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். அதைக் கண்டித்து நடந்த கூட்டத்துக்குப் போக அப்பாவிடம் பஸ் காசு கேட்டேன். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "போ. முன்னாடி நிக்காத" என்றார். அந்த வயதில் அதைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். அன்று அந்தத் திடலில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் மடிக்காசில் வந்தவர்களோ! நாம் வெட்டுப்பட்டவர்களுக்கு வருசா வருசம் வீரவணக்கம் செலுத்துகிறோம், செலுத்தத்தான் வேண்டும். அறுபத்துமூன்று வயதில் இருமி இருமிக் கட்டிலில் செத்தவனுக்கு நம்மிடம் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் அவன் பண்ணையின் சொல்லிலேயே அடக்கமாகிறான். ராப்பள்ளி நடத்துகிற மாணவத் தோழர்களிடம் நான் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: அப்பன், ஆத்தா உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்துக் கேளுங்கள். எவ்வளவு கூலி, எவ்வளவு எடை, யாரிடம் கடன், யாருக்கு முடியாது என்று சொன்னாய், வீட்டில் யாரை நிறுத்திவிட்டு யாரைப் படிக்க வைத்தாய்? தியாகம் என்று மட்டும் எழுதி வராதீர்கள்.

2017 செப்டம்பர் 1. குழுமூர் அனிதா செத்துப்போன செய்தி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் செந்துறை வட்டம்தான் குழுமூர். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த பிள்ளை. நீட் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் வரை போன பிள்ளை. ஆகஸ்ட் 22இல் நீட் மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை என்று ஆகிவிட்டது. அவள் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் என்று டி.வி.யில் சொன்னார்கள். தாயில்லாப் பிள்ளை, நாலு அண்ணன்களோடு பிறந்தவள். அந்த வீட்டில் பொம்பளப் பிள்ளைக்கு இது போதும் என்று யாரும் நிறுத்தவில்லை. டாக்டர் என்கிற வார்த்தை வரைக்கும் போக விட்டார்கள், நிறுத்தியது வேறு இடம். அரசு கொடுக்க வந்த 7 லட்சத்தை அந்தக் குடும்பம் வாங்க மறுத்தது. இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவள் பேர். அதைப் பார்க்க அப்பா இல்லை.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடாமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் அப்பாவைத் தெரியுமா என்று கேட்டேன். "பாத்துருப்பேன். தலையில மூட்ட இருக்கறப்ப எதுக்க வர்றவன் மூஞ்சி தெரியாது" என்றார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அக்கா ஊருக்கு வந்திருந்தாள், அடுப்படியில் ஏனம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஏம்மா, நீ எட்டாவதுல எவ்ளோ மார்க்கு வாங்குன?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசப்படியில் நின்றாள். "நானூத்திப் பன்னெண்டு" என்றாள். அப்புறம், "எந்திரிச்சி சாப்புடுப்பா, சோறு ஆறுது" என்றாள்.